குழாய்க்குள் மறைந்த துரு
கேளா ஒலியால் அதனை அறியும் வழி

கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து எல்லோருக்கும் சொந்தமானது. ஆகவே அதைக் கண்காணிக்கும் பொறுப்பும் எல்லோரையும் சார்ந்தது. ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்கிறோம். கிடங்கிலுள்ள நூல் சிப்பங்களை எண்ணிப் பார்க்கிறோம். தராசின் படிக்கற்களுக்கு முத்திரை பெறுகிறோம். கண்ணுக்குத் தெரியும் பொருள்களைப் பொறுத்தவரை நம்மவர்கள் விழிப்பானவர்களே. ஆனால் ஓர் ஆலையின் கூரைக்கடியிலும் சுவரோரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் குழாய்களை எவரும் எண்ணுவதில்லை. மேலே சிவப்புச் சாயம் பளபளவென்றிருந்தால் உள்ளேயும் நலமாகவே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். இரும்புக் குழாயோ பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது.

நம் அங்கத்தினர்களின் உழைப்பு சென்று சேரும் நூற்பாலைகள், சாயச்சாலைகள், சர்க்கரை ஆலைகள் ஆகிய எல்லா இடங்களிலும் இரு வகைக் குழாய்கள் உண்டு. நீராவி, சுடுநீர், எண்ணெய் முதலியவற்றைச் சுமக்கும் தொழிற் குழாய்கள் ஒரு வகை. தீப்பிடித்தால் நீரைப் பொழிவதற்கென்றே அமைந்த தெளிப்பான் குழாய்கள் மற்றொரு வகை. முதல் வகை அன்றாடம் உழைக்கிறது. ஆதலால் அதன் கோளாறு ஒருநாள் வெளிப்பட்டுவிடும். இரண்டாம் வகை பல ஆண்டுகள் சும்மா இருக்கிறது. உழைக்க வேண்டிய அந்த ஒரு நாளில்தான் அதன் யோக்கியதை தெரியவரும். இவ்விரண்டையும் வெட்டாமல், திறக்காமல், ஆலையை நிறுத்தாமல் பரிசோதிக்கும் கேளா ஒலி முறையைப் பற்றி இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பஞ்சாலையில் வளர்ந்த சாதனம்

தானியங்கித் தெளிப்பானின் வரலாறு நெசவுத் தொழிலோடு பின்னிப் பிணைந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பஞ்சாலைகள் அடிக்கடி தீக்கு இரையாயின. பறக்கும் பஞ்சுத்தூள், எண்ணெய் ஊறிய மரத்தளம், விளக்குச் சுடர் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் தீக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரம் போன்ற இடங்களில் ஆலைக்காரர்கள் கூரையடியில் துளையிட்ட குழாய்களைப் பொருத்தினர். தீ கண்டதும் ஒருவர் ஓடிச்சென்று வால்வைத் திறக்க வேண்டும். திறந்தால் அறை முழுவதும் நனையும். தீ ஒரு மூலையில் இருந்தாலும் சரக்கு அனைத்தும் பாழாகும். அன்றியும், அத்துளைகள் துருவாலும் பஞ்சாலும் அடைபட்டுப் போவது வழக்கமாயிற்று. குழாய் உள்ளே அடைபடும் தொல்லை, ஆக, தெளிப்பானைக் காட்டிலும் வயதில் மூத்தது.

1874 ஆம் ஆண்டில் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலி என்பவர், வெப்பம் பட்டால் ஈயப்பற்று உருகித் தானே திறந்துகொள்ளும் தெளிப்பானுக்கு உரிமம் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபால் ரிவர் நகரின் கிரானைட் பஞ்சாலையில் தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் சிறுவர் சிறுமியர் பலர். 1881 இல் பிராவிடன்ஸ் நகரத்து ஃபிரெடரிக் கிரின்னெல், பார்மலியின் அமைப்பைச் செம்மைப்படுத்தினார். இன்று நாம் காணும் தெளிப்பான்களில் ஈயப்பற்றுக்குப் பதிலாகச் சிறு கண்ணாடிக் குமிழ் இருப்பதே பெரும்பான்மை. அதனுள்ளிருக்கும் திரவம் சூட்டினால் விரிந்து, குறித்த வெப்பநிலையில் குமிழை உடைக்கும். சிவப்புத் திரவம் கொண்ட குமிழ் 68 பாகை செல்சியஸில் உடையும். தீக்கு மேலே உள்ள தெளிப்பான் மட்டுமே திறக்கும். மற்றவை மூடியே இருக்கும்.

இவ்வரலாற்றில் நம் இயக்கத்தார் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ரோட் ஐலண்டில் ஜக்கரையா ஆலன் என்ற ஆலை உடைமையாளர் இருந்தார். தம் ஆலையில் தீத்தடுப்பு ஏற்பாடுகளைச் செய்து முடித்தபின், காப்புறுதிக் கட்டணத்தைக் குறைக்கும்படி காப்பீட்டாரிடம் கேட்டார். எல்லா ஆலைகளுக்கும் ஒரே கட்டணம்தான் என்று அவர்கள் மறுத்துவிட்டனர். ஆலன் சோர்ந்துவிடவில்லை. 1835 ஆம் ஆண்டில் மற்ற ஆலைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, அங்கத்தினர்களே ஒருவருக்கொருவர் ஈடு நிற்கும் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கத்தை நிறுவினார். செலவு போக எஞ்சியது அங்கத்தினர்களுக்கே திரும்பியது. அயலானின் ஆலை எரிந்தால் தன் பணமும் எரியும் என்ற நிலை ஏற்பட்டதும், ஒருவர் ஆலையை மற்றவர் சார்பில் பரிசோதிக்கும் பழக்கம் தானே வந்தது. தெளிப்பான் தோன்றியபோது அதை ஆலைகளில் பரப்பியவர்களுள் இச்சங்கங்களுக்கு முக்கிய இடமுண்டு. பரிசோதனை என்பது மேலிடத்துக்குப் பயந்து செய்யும் சடங்கன்று, கூட்டுடைமையின் இயற்கையான கடமை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும்; பிராணவாயுவும் வேண்டும். நீர் நிறைந்து அசையாமல் நிற்கும் குழாயில், நீரில் கரைந்துள்ள பிராணவாயு தீர்ந்ததும் துருவின் வேகம் தணியும். ஆனால் குழாய் முற்றிலும் நிறைவதில்லை. மேட்டுப் பகுதிகளில் காற்று சிக்கிக்கொள்ளும். நீரும் காற்றும் சந்திக்கும் அந்த வரம்பில்தான் அரிப்பு மும்முரமாக நடக்கும். பழுது பார்க்க ஒவ்வொரு முறை நீரை வடித்து மீண்டும் நிரப்பும்போதும் புதிய காற்று உள்ளே புகும். ஓய்ந்திருந்த துரு மறுபடி தலையெடுக்கும்.

உறைபனி விழும் நாடுகளில் குழாயில் நீருக்குப் பதிலாக அழுத்திய காற்றை நிரப்பி வைக்கும் உலர்முறையும் உண்டு. பெயர் உலர்முறையே ஆயினும், சோதனைக்குப் பின் பள்ளமான இடங்களில் சிறிது நீர் தங்கிவிடும். காற்றழுத்த யந்திரமோ ஓயாமல் பிராணவாயுவை ஊட்டிக்கொண்டிருக்கும். இதனால் உலர்முறைக் குழாய்கள் சில ஆண்டுகளிலேயே துளைபடுவது உண்டு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் இதற்கு விலக்கன்று. தேங்கிய நீரின் கீழே பூச்சு ஓரிடத்தில் கரைந்ததும், முழுத் தாக்குதலும் அவ்விடத்தில் திரண்டு ஆழ்குழியாகிவிடும். இப்போது சில நாடுகளில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் வாயுவை நிரப்பி இக்கேட்டைத் தணிக்கிறார்கள்.

நீரிலுள்ள சில நுண்ணுயிர்களும் துருவுக்குத் துணைபோகின்றன. அவை குழாய்ச் சுவரில் படலமாகப் படிந்து, அதனடியில் இரும்பு அரிபட ஏற்ற சூழலை உண்டாக்கும். அவ்விடங்களில் துரு கொப்புளம் போலப் பருத்து நிற்கும். கொப்புளத்தின் மேற்புறம் நீரோட்டத்தை மறிக்கும். அடிப்புறம் குழாயைத் துளைக்கும். ஒரே நோய்க்கு இரண்டு கேடுகள்!

உழவர் பெருமக்களுக்கு முதற்கேட்டை விளக்க வேண்டுவதில்லை. வாய்க்கால் தூர்ந்துபோனால் தலைமடையில் நீர் ததும்பினாலும் கடைமடை காய்ந்தே கிடக்கும். தெளிப்பான் குழாயின் கதையும் அதுவே. பம்பின் அருகிலுள்ள அழுத்தமானி திருப்தியான எண்ணைக் காட்டும். கிடங்கின் கோடியிலுள்ள தெளிப்பானிலோ நீர் சொட்டும். இக்கேட்டின் அளவைக் கணக்காகவே காட்டலாம். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய், படிவினால் 40 மில்லிமீட்டராகக் குறுகியது என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் அதே அளவு நீரைச் செலுத்த, குழாய் நீளத்தில் இழக்கும் அழுத்தம் ஏறக்குறைய மும்மடங்காகும். அதே அழுத்தத்தில் விட்டால் பாதிக்குச் சற்று மேலான நீரே போய்ச் சேரும். படிவின் சொரசொரப்பையும் சேர்த்துக்கொண்டால் இழப்பு இன்னும் மிகும்.

பழைய பரிசோதனைகள்

குழாயின் உள்நிலையை அறிய இதுவரை கையாண்ட வழிகள் சில. ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பார்ப்பது ஒன்று. நுனி மூடியைத் திறந்து விளக்கும் சிறு காமிராவும் செலுத்திப் பார்ப்பது மற்றொன்று. இவை நம்பத்தக்கவையே. ஆனால் அதற்காக நீரை வடிக்க வேண்டும். வடித்திருக்கும் நேரத்தில் ஆலைக்குத் தீக்காப்பு இல்லை. மீண்டும் நிரப்பும்போது புதிய பிராணவாயு புகும். எக்ஸ்-கதிர், காமா கதிர் கொண்டு படம் பிடிக்கலாம். அப்போது ஆட்களை அப்புறப்படுத்தி, கதிர்வீச்சுக்குரிய கட்டுப்பாடுகளையெல்லாம் கைக்கொள்ள வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பது மிகப் பழைய முறை. மிகவும் நைந்த இடத்தை அது காட்டலாம், எத்தனை மில்லிமீட்டர் எஞ்சியிருக்கிறது என்று சொல்லாது.

ஆயினும், தட்டிப் பார்ப்பதில் ஒரு பேருண்மை அடங்கியிருக்கிறது. சந்தையில் மண்குடம் வாங்கும் மாதர் விரலால் சுண்டிப் பார்த்தே வாங்குவர். கணீரென்றால் முழுக்குடம், மந்தமாக ஒலித்தால் கீறல். பொருளின் உள்நிலையை ஒலி அறியும். கேளா ஒலிப் பரிசோதனை இந்தச் சுண்டிப் பார்த்தலின் வளர்ச்சியே.

கேளா ஒலியின் வேலை

மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. ஆங்கிலத்தில் அல்ட்ராசானிக் என்பர். குழாய்ச் சுவரை அளக்கப் பெரிதும் வழங்குவது விநாடிக்கு 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி. இத்தகைய ஒலியை உண்டாக்கும் சாத்தியம் 1880 இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த தத்துவத்திலிருந்து வந்தது. சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும். மின்சாரம் செலுத்தினால் அப்படிகம் அதிரும். முதல் உலகப் போரில் பால் லாஞ்செவின் இதைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய முயன்றார். 1928 அளவில் ருஷ்ய விஞ்ஞானி ஸொக்கலோவ், உலோகத்தின் உட்குறையைக் கேளா ஒலியால் காணலாம் என்றார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிளாய்ட் ஃபயர்ஸ்டோன், சிறு சிறு ஒலித் துடிப்புகளை அனுப்பி எதிரொலியைப் பெறும் கருவியை ஆக்கி, 1940 இல் விண்ணப்பித்து 1942 இல் உரிமம் பெற்றார். இங்கிலாந்தில் டொனால்ட் ஸ்ப்ரௌலும் ஏறக்குறைய அதே சமயத்தில் இத்துறையில் உழைத்தார்.

கருவியின் செய்கை எளிது. விரல் பருமனுள்ள ஆய்வுமுனையைக் குழாயின் வெளிப்புறத்தில் வைக்கிறார்கள். அதனுள்ளிருக்கும் படிகம் ஒரு நொடித்துடிப்பை இரும்புக்குள் அனுப்புகிறது. அத்துடிப்பு சுவரைக் கடந்து உட்புற விளிம்பை அடைந்ததும் திரும்பி வருகிறது. கிணற்றில் குரல் கொடுத்தால் அது மீண்டு வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை ஊகிக்கலாம் அல்லவா? இங்கும் அதே கணக்குத்தான். எஃகில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 5,900 மீட்டர். காற்றில் அது ஏறத்தாழ 340 மீட்டரே. 6 மில்லிமீட்டர் தடிப்பமுள்ள சுவரில் போய்வர 12 மில்லிமீட்டர் பயணம்; அதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் இரண்டு கூறு. அவ்வளவு சிறிய காலத்தை அளந்து, வேகத்தால் பெருக்கி, பாதியாக்கி, தடிப்பத்தை எண்ணாகக் காட்டும் கருவி இன்று உள்ளங்கையில் அடங்குகிறது.

ஒலி காற்றைக் கண்டால் திரும்பிவிடும். ஆய்வுமுனைக்கும் இரும்புக்கும் இடையே மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலும் துடிப்பு உள்ளே செல்லாது. ஆகவே நடுவில் கிளிசரினோ, எண்ணெயோ, அதற்கென்று செய்த களிம்போ தடவுகிறார்கள்.

குழாயில் நீர் நிறைந்திருந்தால் மற்றொரு பயனும் உண்டு. இரும்பின் உள்விளிம்பில் ஒலியின் பெரும்பகுதி திரும்பினாலும் சிறு பகுதி நீருக்குள் நுழைந்து, எதிர்ச்சுவரைத் தொட்டு மீளும். நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர். 100 மில்லிமீட்டர் நீரைக் கடந்து திரும்ப, விநாடியின் பத்து லட்சம் கூறில் 135 கூறு ஆகும். அந்த எதிரொலி சரியான நேரத்தில் வந்தால் குறுக்கே நீர் தடையின்றி நிற்கிறது என்று பொருள். வராவிட்டால் அங்கே காற்றோ, சேறோ, கட்டித் துருவோ இருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. சுவரின் தேய்வையும் ஓட்டத்தின் அடைப்பையும் ஒரே முனையால் வேவு பார்க்கலாம் என்பது இம்முறையின் விசேஷம்.

அளப்பதற்கும் முறை உண்டு

கருவி எளிதாயினும் அளப்பவர் தேர்ந்தவராக இருத்தல் வேண்டும். முதலில், அளக்கப்போகும் எஃகின் வகையிலேயே படிப்படியாகத் தடிப்பம் மாறும் மாதிரிக் கட்டையின் மீது வைத்துக் கருவியைச் சரி செய்ய வேண்டும். குழாயின் மேற்பரப்பில் உள்ள துருச் செதிலையும் உரிந்த சாயத்தையும் நீக்க வேண்டும். சாயத்தோடு சேர்த்து அளந்தால் எண் மிகுத்துக் காட்டும். சாயத்தில் ஒலி மெதுவாகச் செல்வதால், மெல்லிய பூச்சும் இரும்புக் கணக்கில் அதைவிட இருமடங்குக்கு மேற்பட்ட தடிப்பமாகத் தோன்றும். அடுத்தடுத்த இரண்டு எதிரொலிகளின் இடைவெளியை அளக்கும் கருவிகள் இப்பிழையைத் தவிர்க்கின்றன.

ஒரு குழாயில் ஓரிடத்தை மட்டும் அளந்து திருப்தியடைவது, ஒரு நெல்மணியைக் கடித்துப் பார்த்துக் களஞ்சியத்தை மதிப்பது போலாகும். சுற்றளவில் குறைந்தது நான்கு புறமும் அளக்க வேண்டும். படுக்கையாகச் செல்லும் குழாயில் அடிப்புறம் சேறு தங்கும். மேற்புறம் காற்று சிக்கும். பக்கவாட்டில் நீர் வரம்பு நிற்கும். வளைவுகளின் வெளிப்புறம், கிளை பிரியுமிடம், வால்வை அடுத்த பகுதி, ஓட்டமின்றி முடியும் முனைக்குழாய், தாங்கிகள் தொடும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்க வேண்டும். குறித்த இடத்தில் அடையாளமும் இட வேண்டும். அடுத்த முறை அதே இடத்தில் அளந்தால்தான் தேய்வின் வேகம் தெரியும்.

கருவி ஏமாற்றும் இடங்களையும் சொல்லிவிடுவது கடமை. பென்சில் முனையளவுள்ள ஆழ்குழி, இரு அளவைப் புள்ளிகளுக்கிடையே தப்பிவிடலாம். ஐயமுள்ள இடத்தில் கட்டம் போட்டு நெருக்கமாகத் தேட வேண்டும். மிகவும் மெலிந்த சுவரில் கருவி முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்து, உண்மையைப்போல் இருமடங்கு காட்டுவதும் உண்டு. ஆபத்தான இடம் பத்திரமான இடமாகத் தோன்றும் இப்பிழை கொடியது. அளப்பவர் எண்ணை மட்டும் பாராமல், திரையில் எழும் அலைக்கோட்டையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். சூடான குழாயில் ஒலி சற்று மெதுவாகச் செல்வதால் அங்கும் எண் மிகுத்துக் காட்டும். அதற்குத் திருத்தம் வேண்டும். மரை வெட்டிய இணைப்புகளில் சுவர் மிக மெல்லியதாக இருப்பது மரையின் அடியில். அதை மூடியிருக்கும் இணைப்பின் மேலிருந்து அளக்க இயலாது. வார்ப்பிரும்பில் மணிகள் பருமனாக இருப்பதால் ஒலி சிதறும். வெப்பக்காப்பு உறை போர்த்திய குழாயில் உறையை அகற்றியே அளக்க வேண்டும்.

நீளமான குழாய்களுக்கு வேறொரு முறையும் வந்துள்ளது. குழாயைச் சுற்றி ஒரு வளையத்தை மாட்டி, அதிர்வெண் குறைந்த அலையைக் குழாய்ச் சுவரின் வழியாகவே நெடுகச் செலுத்துவர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1990 களில் இம்முறை வளர்ந்தது. வளையத்திலிருந்து இருபுறமும் பத்துக்கணக்கான மீட்டர் தூரத்தை ஒரே இடத்திலிருந்து ஆராயலாம். ஆனால் இது மெலிந்த இடத்தைச் சுட்டிக்காட்டுமேயன்றிச் சரியான தடிப்பத்தைச் சொல்லாது. ஃபிளாஞ்சு இணைப்பைத் தாண்டிச் செல்லாது. வளைவும் கிளையும் மிகுந்த இடத்தில் குழம்பும். சுட்டிய இடத்தில் மறுபடியும் நேரடியாக அளக்கத்தான் வேண்டும்.

அளக்காமல் விட்ட இடம்

கருவி இருந்தும், ஆட்கள் இருந்தும், நேர்ந்த விபத்துகள் நமக்குப் பாடமாக வேண்டும். 1986 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சர்ரி அணுமின் நிலையத்தில், கொதிகலனுக்கு நீரூட்டும் குழாயின் வளைவு வெடித்து நால்வர் உயிரிழந்தனர். ஓடும் சுடுநீர் இரும்பின் காப்புப் படலத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சுவரை மெலிவித்திருந்தது. அதன்பின் உலகெங்கும் அத்தகைய குழாய்களைக் கேளா ஒலியால் அளக்கும் திட்டங்கள் விரிவடைந்தன.

ஆயினும், 2004 ஆகஸ்டு 9 அன்று ஜப்பானில் மிஹாமா அணுமின் நிலையத்தின் மூன்றாம் பிரிவில் அதே வகை விபத்து நேர்ந்தது. கதிரியக்கம் இல்லாத இரண்டாம் சுற்றுக் குழாய் அது. சில நாட்களில் தொடங்கவிருந்த பரிசோதனைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த தொழிலாளர் மீது கொதிநீரும் ஆவியும் பீறிட்டன. ஐவர் மாண்டனர், அறுவர் காயமுற்றனர். தொடக்கத்தில் 10 மில்லிமீட்டராக இருந்த சுவர், வெடித்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தது. 1976 இல் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல் அந்த 28 ஆண்டுகளில் அவ்விடம் ஒருமுறைகூட அளக்கப்படவில்லை. அளக்கும் கருவி இல்லாமையால் அன்று. பரிசோதனைப் பட்டியலில் அந்த இடம் விட்டுப்போயிருந்தமையால்!

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2012 ஆகஸ்டு 6 அன்று நேர்ந்ததும் இதனோடு ஒத்தது. அங்கே குழாயின் வளைவுகளை அளந்து வந்தார்கள். வெடித்ததோ, அவற்றை ஒட்டியிருந்த நேர்க்குழாய்த் துண்டு. அத்துண்டின் எஃகில் சிலிக்கன் குறைவு. ஆதலால் எண்ணெயிலுள்ள கந்தகத்தால் அது மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்திருந்தது. ஆவி மேகத்தில் சிக்கிய 19 தொழிலாளர்கள் மயிரிழையில் தப்பினர். புகையினால் சுற்றுப்புற மக்கள் ஏறத்தாழ 15,000 பேர் மருத்துவ உதவி நாடினர்.

இவ்விபத்துகள் கூறும் உண்மை ஒன்றே. அளந்த இடம் நமக்குத் தெரிந்த இடம். அபாயம் தெரியாத இடத்தில் இருக்கிறது. பட்டியல் குறைபட்டிருந்தால் சிறந்த கருவியும் பயன்படாது.

எண்ணைக் கணக்காக்குதல்

தடிப்பம் ஒரு தனி எண்ணாக இருக்கும்வரை அதனால் பெரும்பயன் இல்லை. பற்று வரவு எழுதினால்தான் இருப்புத் தெரியும். எடுத்துக்காட்டாக, ஒரு நீராவிக் குழாய் பொருத்தப்பட்டபோது 6.0 மில்லிமீட்டர் தடிப்பம். எட்டாண்டுக்குப் பின் அளந்தபோது 4.8. குறைந்தது 1.2, ஆண்டுக்கு 0.15 மில்லிமீட்டர் தேய்வு. குழாயின் விட்டம், அழுத்தம், எஃகின் வலிமை ஆகியவற்றைக் கொண்டு பொறியாளர் கணித்த குறைந்தபட்சத் தடிப்பம் 3.0 என்றால், கையிருப்பு 1.8 மில்லிமீட்டர். அதை 0.15 ஆல் வகுத்தால் மீதி ஆயுள் பன்னிரண்டு ஆண்டு. பன்னிரண்டாவது ஆண்டு வரை காத்திருக்கலாம் என்று பொருளன்று. மீதி ஆயுளில் பாதிக்கு மேல் கடக்குமுன் மறுபடி அளக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 570 ஆம் எண் விதித்தொகுப்புக் காட்டும் நெறி. இங்கே ஆறாண்டுக்குள் என்றாகும். தேய்வு என்றும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை ஆதலால் இந்த முன்னெச்சரிக்கை.

தெளிப்பான் குழாய்களுக்கு, 1896 இல் தொடங்கிய அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 25 ஆம் எண் விதித்தொகுப்பு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை உட்புற நிலையை மதிப்பிட வேண்டும் என்கிறது. நம் நாட்டில் இத்தெளிப்பான்களின் அமைப்புக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் 15105 ஆம் எண் விதி உள்ளது. கேளா ஒலி ஐயமுள்ள இடத்தைக் காட்டிக் கொடுத்தால், அந்த ஓரிடத்தை மட்டும் திறந்து பார்த்து உறுதி செய்யலாம். எல்லாவற்றையும் திறக்க வேண்டிய செலவும் தொல்லையும் மிச்சம்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கது

இதெல்லாம் பொறியாளர் காரியம், அங்கத்தினர்களுக்கு என்ன என்று கேட்பாரும் இருப்பர். பஞ்சுக் கிடங்கு எரிந்தால் சாம்பலாவது அங்கத்தினரின் பங்குத்தொகை. நீராவிக் குழாய் வெடித்தால் வெந்துபோவது நம் அண்டை வீட்டுப் பிள்ளை. ஆகவே பொதுக்கூட்டத்தில் வரவு செலவு பற்றிக் கேட்பது போலவே குழாய் பற்றியும் கேட்க அங்கத்தினருக்கு உரிமையுண்டு. கேட்பது கடமையும் ஆகும்.

கேட்கத்தக்க கேள்விகள் சிலவே. ஆலையிலுள்ள எல்லாக் குழாய்களுக்கும் வரைபடமும் பட்டியலும் உண்டா? பட்டியல், நேரில் நடந்து பார்த்துச் சரிபார்க்கப்பட்டதா? அளவைப் புள்ளிகள் எவை, ஏன் அவை தேர்ந்தெடுக்கப்பட்டன? சென்ற முறை அளந்த எண்ணும் இம்முறை அளந்த எண்ணும் ஒரே ஏட்டில் அருகருகே உள்ளனவா? அளந்தவர் அதற்குரிய தகுதிச் சான்று பெற்றவரா? கோடியிலுள்ள தெளிப்பானில் நீர் வருகிறதா என்று திறந்து பார்த்தது எப்போது? இவற்றுக்கு விடையிறுக்கத் தனிப் பொறியியற் கல்வி தேவையில்லை. ஒழுங்கான ஏடு இருந்தால் போதும்.

கேளா ஒலிப் பரிசோதகர்களின் தகுதி மூன்று படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. முதற்படியினர் மேற்பார்வையின் கீழ் அளப்பவர். இரண்டாம் படியினர் தாமே அளந்து முடிவு கூறுபவர். மூன்றாம் படியினர் முறையையே வகுத்துத் தருபவர். சேதமின்றிச் சோதிக்கும் இக்கலைக்கான இந்தியச் சங்கத்தின் தலைமையிடம் சென்னையிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி. தக்க ஆளைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

ஒரு சிறு ஆலை தனக்கென்று கருவியும் தேர்ந்த ஆளும் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாமல் போகலாம். அங்கேதான் கூட்டுறவு உதவ வேண்டும். ஒரு வட்டாரத்துச் சங்க ஆலைகள் சேர்ந்து ஒரு பரிசோதகரை அமர்த்திக்கொண்டால், ஆண்டு முழுதும் அவருக்கு வேலை இருக்கும். ஒவ்வோர் ஆலைக்கும் செலவு சொற்பமாகும். ஓர் ஆலையில் கண்ட கேடு மற்றவற்றுக்கும் உடனே தெரியவரும். 1835 இல் ரோட் ஐலண்டு ஆலைக்காரர்கள் செய்தது இதைவிடப் பெரிதன்று.

மழைக்கு முன்பே வாய்க்காலைத் தூர்வாருவது உழவரின் மரபு. பாவு ஓட்டுமுன் ஒவ்வோர் இழையையும் தடவிப் பார்ப்பது நெசவாளரின் மரபு. குழாயையும் அந்த மரபில் சேர்த்துக்கொள்வோம். அடுத்த பொதுக்கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் குழாய்ப் பரிசோதனைக்கும் ஓர் இனம் ஒதுக்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.